வட்டமடிக்கிற விமானம் தத்தளிக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மட்டக்களப்புத் திமிலைதீவில் இருக்கிற எங்கள் விமான நிலையத்துக்கு ஒரு சின்ன விமானம் இறங்குவதுபோல் தாழ வந்து, இறங்காமல் மறுபடி மேலே ஏறி, ஊரை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பவும் வந்தால், உடனே அதை ஃபோனில் எடுத்து "தரையிறங்க முடியாமல் தத்தளிக்கும் விமானம்" என்று முகநூலில் போடுகிற பழக்கம் நிற்க வேண்டும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக வரும், ஆனாலும் முழுவதையும் போடுங்கள், ஏனென்றால் இதைப் பாதியில் நிறுத்தினால் யாருக்கும் விளங்காது.

நான் மட்டக்களப்பில் உயர்தர மாணவர்களுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். என் மகள் கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கிற இரத்மலானையில் விமானம் ஓட்டப் பழகுகிறாள். அண்மையில் ஒரு நாள் அவள் தனியாக, பக்கத்தில் பயிற்றுநர் இல்லாமல், இரத்மலானையிலிருந்து மட்டக்களப்புக்கு ஒரு பயிற்சிப் பறப்பாக வந்தாள். நல்ல கச்சான், அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, அடித்துக்கொண்டிருந்த காலைநேரம். ஓடுபாதைக்கு நேரே வந்தவள் காற்றுச் சரியில்லை என்று கண்டு, இறங்காமல் மேலே ஏறிச் சுற்றி வந்தாள். அடுத்த தடவையும் திருப்தியில்லை, மறுபடி சுற்றினாள். அதற்கு அடுத்த தடவை அழகாக இறங்கினாள். நடந்தது இவ்வளவுதான்.

ஆனால் அதற்குள் கல்லடிப் பாலத்தில் நின்ற யாரோ எடுத்த காணொளி ஊரெல்லாம் ஓடிவிட்டது. எனக்கு முதலில் வந்த தொலைபேசி மாமியிடமிருந்து. "என்ன புள்ள, பிளேன் ஒண்டு கிறுகிக் கிறுகி இறங்க ஏலாம நிக்குதாம், உங்கட மகள் வாற நாள் இண்டைக்குத்தானே?" நான் பாடசாலையில் வகுப்பில் நிற்கிறேன். வீட்டில் என் அம்மா அந்தக் காணொளியை எனக்கு முன்னமே பார்த்துவிட்டார், கண்ணகை அம்மனுக்கு நேர்த்தியும் வைத்துவிட்டார், பிறகு பிரஷர் ஏறிப் படுத்துவிட்டார். மகள் விமானத்தை நிறுத்தி, பூட்டி, எனக்கு அழைப்பு எடுத்து "வந்துட்டன் அம்மா" என்று சொல்லிக் கொஞ்ச நேரத்துக்குப் பிறகும் அந்தக் காணொளிக்குக் கீழே "எரிபொருளைத் தீர்க்கத்தான் சுத்துறாங்க", "எஞ்சின் பழுதாம்", "ஆர்மிக்குச் சொல்லியாச்சாம்" என்று ஆளுக்கொரு கதை வந்துகொண்டே இருந்தது. போட்டவர் யார், எந்தப் பக்கம் என்பதெல்லாம் எனக்குத் தேவையில்லை. நாளைக்கு வேறு பிள்ளை வரும், வேறு தாய் இருப்பாள்.

தனியாகப் பறக்க விடுவது என்றால் என்ன என்று முதலில் சொல்கிறேன். தொடக்கத்தில் பயிற்றுநர் பக்கத்து சீட்டில் இருக்க, ஒரே ஓடுபாதையில் ஏறுவது, இறங்குவது, ஏறுவது, இறங்குவது என்று அலுக்க அலுக்கப் பழக்குவார்கள். அதற்கு சேர்க்கிட் என்று பெயர். நீள்சதுரமான ஒரு பாதை. ஓடுபாதையிலிருந்து நேரே ஏறி, ஒரு பக்கம் திரும்பி, அப்புறம் ஓடுபாதைக்குச் சமாந்தரமாக எதிர்த்திசையில் வந்து, இன்னும் இரண்டு திருப்பம் திரும்பினால் மறுபடி ஓடுபாதை முன்னுக்கு நிற்கும். உயரம் சுமார் 1000 அடி. ஏன் இப்படிப் பக்கத்திலேயே சுற்றுகிறார்கள் என்றால், அந்த உயரத்தில் எஞ்சின் நின்றே போனாலும் மகள் ஓட்டுகிற செஸ்னா 152 போன்ற இரண்டு சீட் விமானம் கல்லுப்போல விழாது, சறுக்கிக்கொண்டு இரண்டரைக் கிலோமீற்றர் அளவு போகும், அதற்குள் ஓடுபாதையைப் பிடித்துவிடலாம். அதாவது நீங்கள் பார்த்துப் பயப்படுகிற அந்த வட்டம், ஏதாவது நடந்தால் பத்திரமாக இறங்குவதற்கென்றே வரைந்த பாதை.

அப்படிப் பழக்கிப் பழக்கி, ஒரு நாள் காலை, முன்கூட்டிச் சொல்லாமல், பயிற்றுநர் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்து இறங்கிவிடுவார். இறங்கும்போது தன் சீட்டின் பெல்ட்டை வெறும் சீட்டுக்குக் குறுக்கே இழுத்துப் பூட்டிவிட்டுத்தான் போவார், அது அவிழ்ந்து கிடந்து கொன்ட்ரோலில் சிக்கக் கூடாது. "ஒரு சுற்று, அவ்வளவுதான், போய்ட்டு வாங்க." என் மகள் அதைச் சொன்ன விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: பக்கத்தில் ஆள் இல்லை என்பதை விமானம்தான் முதலில் காட்டிக்கொடுக்குமாம். செஸ்னா 152 கிளம்பக்கூடிய முழுப் பாரமே 757 கிலோ. அதில் 75 கிலோ ஆள் ஒருவர் இறங்கினால் பத்தில் ஒரு பங்கு குறைந்துபோகிறது. வழக்கத்தைவிடக் கெதியாகச் சக்கரம் நிலத்தை விடும், கெதியாக ஏறும், இறங்கும்போது நிலத்தைத் தொட மனமில்லாமல் ஓடுபாதைக்கு மேலே மிதந்துகொண்டே போகும். இதெல்லாம் அவளுக்கு முதலே சொல்லிக்கொடுத்ததுதான், என்றாலும் உடம்பு அறிவது அன்றைக்குத்தான்.

அந்த நாளை முடிவுசெய்வது மாணவர் இல்லை, பயிற்றுநர். அவர் எத்தனையோ இறக்கங்களைப் பார்த்து, இந்தப் பிள்ளை தவறை நான் சொல்லுமுன் தானே கண்டு திருத்துகிறது என்று நம்பிக்கை வந்தபிறகுதான் கதவைத் திறக்கிறார். அதற்கு முன் வைத்தியச் சான்றிதழ், வானொலியில் பேசுகிற பயிற்சி, ஆங்கிலம், எழுத்துப் பரீட்சை என்று வரிசையாகக் கிடக்கின்றன. சும்மா சாவியைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள் என்று கதைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

அடுத்த கட்டம்தான் ஊர்விட்டு ஊர் போவது. தனியார் விமானி அனுமதிப்பத்திரத்துக்குச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி தெளிவாக இருக்கிறது. வயது 17 ஆக வேண்டும். பொதுவாக 40 மணித்தியாலப் பறப்பு வேண்டும். அதில் 10 மணித்தியாலம் தனியாக, அந்தப் பத்திலும் 5 மணித்தியாலம் தனியாகத் தூரப் பயணம். அதற்குள் ஒரு பயணமாவது மொத்தம் 270 கிலோமீற்றருக்குக் குறையாமல் இருக்க வேண்டும், வழியில் இரண்டு வெவ்வேறு விமான நிலையங்களில் முழுதாக இறங்கி நிற்க வேண்டும். சம்பளத்துக்கு விமானம் ஓட்டுகிற லைசன்ஸ் என்றால் 200 மணித்தியாலம், அங்கீகாரம் பெற்ற பயிற்சி நெறியில் படித்தால் 150. ஆகவே ஒரு பிள்ளை தனியாக மட்டக்களப்புக்கு வந்து இறங்குவது சாகசம் காட்டவோ விளையாடவோ இல்லை. பாடத்திட்டத்தில் உள்ளது, செய்யாமல் லைசன்ஸ் கிடையாது.

வரைபடத்தில் இரத்மலானைக்கும் மட்டக்களப்புக்கும் ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்கள், சுமார் 220 கிலோமீற்றர். கண்டிக்குச் சற்றுத் தெற்கால், விக்டோரியா நீர்த்தேக்கத்தின் பக்கமாக, மகியங்கனை, மகாஓயா என்று வரும். மலையையும் மேகத்தையும் பார்த்து அந்தக் கோட்டை வளைத்துக்கொள்வார்கள், அது வேறு. மகாஓயா தாண்டினால் உன்னிச்சைக் குளம், அப்புறம் படுவான்கரை வயல், அப்புறம் வாவி. செஸ்னா 152 90 நொட் வேகத்தில் போனால் ஒன்றேகால் மணித்தியாலத்துக்குச் சற்று மேல் ஆகும். ஒரு நொட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.85 கிலோமீற்றர். காற்று இல்லாவிட்டால்.

ஆனால் காற்று எப்போதும் இருக்கும். இணைந்த கணிதத்தில் சார்பு வேகம் என்று ஒரு பகுதி வருகிறது. ஒரு விமானம் A இலிருந்து B க்குப் போகிறது, காற்று இன்ன திசையில் இன்ன வேகத்தில் வீசுகிறது, விமானி எந்தத் திசையில் விமானத்தைத் திருப்ப வேண்டும், எவ்வளவு நேரம் எடுக்கும்? எங்கள் பிள்ளைகள் இதைப் புள்ளிக்காகச் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். என் மகள் வீட்டு மேசையில் அமர்ந்து அதே முக்கோணத்தைக் கீறினாள், உயிர் போகிற காரியத்துக்காகக் கீறினாள். 90 நொட்டில் போகும்போது 15 நொட் காற்று நேர் குறுக்கே அடித்தால் விமானத்தின் மூக்கைக் கிட்டத்தட்ட 10 பாகை காற்றுப் பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். அதைச் செய்யாமல் ஒரு மணித்தியாலம் போனால் 15 கடல் மைல், அதாவது 28 கிலோமீற்றர் விலகிவிடுவீர்கள். வடமேற்கிலிருந்து காற்று என்றால் மட்டக்களப்பு என்று நினைத்துக்கொண்டு களுவாஞ்சிக்குடியையும் தாண்டி நிற்பீர்கள். பக்கத்தில் கேட்க ஆள் இல்லாமல், ஒரு கையில் வரைபடம், ஒரு கையில் ஸ்டியரிங், காதில் வானொலி என்று இந்தக் கணக்கை வானத்தில் திருத்திக்கொண்டே ஒரு மட்டக்களப்புப் பிள்ளை ஊருக்கு வந்து சேர்ந்தது. என்னைக் கேட்டால் காணொளி போடவேண்டிய விசயம் அதுதான்.

சரி, ஏன் இறங்காமல் சுற்றினாள்? இதைத்தான் எல்லோரும் கேட்டார்கள். எங்கள் ஓடுபாதை தென்மேற்கு வடகிழக்காகக் கிடக்கிறது. இரண்டு முனைக்கும் 06, 24 என்று எண். 24 என்றால் 240 பாகையை நோக்கி, அதாவது தென்மேற்கு முகமாக இறங்குவது. விமானம் எப்போதும் காற்றுக்கு எதிராகத்தான் இறங்கப் பார்க்கும், வேகம் குறைவாக நிலத்தைத் தொடலாம் என்பதால். வாடை அடிக்கிற மாரிகாலத்தில் ஒரு பக்கம், கச்சான் அடிக்கிற மே, யூன், யூலை மாதங்களில் மறுபக்கம். கச்சான் காலத்தில் கடல் பக்கமிருந்து, ஊருக்கும் வாவிக்கும் மேலாகத் தாழ்ந்து வருவார்கள். அதனால்தான் இந்தக் காலத்தில் கல்லடியிலும் புளியந்தீவிலும் நிற்கிறவர்களுக்கு விமானம் தலைக்கு மேல் வருவதுபோல் தெரிகிறது.

கச்சான் நேரே ஓடுபாதை வழியே வந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் நேர் மேற்கிலிருந்து, 270 பாகையிலிருந்து வந்தால் ஓடுபாதைக்கு 30 பாகை சரிவு. சைன் 30 பாதி என்பது சாதாரண தரப் பிள்ளைக்கும் தெரியும். காற்று 20 நொட் என்றால் குறுக்கே தள்ளுவது 10 நொட். செஸ்னா 152 ஐச் செய்தவர்கள் இறங்கிக் காட்டியிருக்கிற குறுக்குக் காற்று 12 நொட். இப்போது காற்று ஒரு கணம் 26 க்குத் தாவினால்? 13 ஆகிறது. அவர்கள் இறங்கிக் காட்டிய அளவைத் தாண்டிவிட்டது. அதோடு கச்சான் ஒரே சீராக வீசுகிற காற்றும் இல்லை, உங்கள் வீட்டு வேலியில் தட்டுகிற ஓலையைக் கேட்டாலே அது விட்டுவிட்டு வீசுவது தெரியும். மேலும் வாவித் தண்ணீர் குளிர்ந்து கிடக்க, கரை நிலம் வெயிலில் சூடேறிக் காற்றை மேலே தள்ளும். தண்ணீரைத் தாண்டிக் கரைக்கு வருகிற இடத்தில் சின்ன விமானம் ஒரு குலுக்குக் குலுங்கும். அந்த இடம் ஓடுபாதைக்கு முன்னால், விமானம் மிகவும் தாழ்வாக, மிகவும் மெதுவாக, 60 நொட் அளவில் வருகிற இடம்.

அந்த நேரத்தில் விமானம் ஓடுபாதை நடுக்கோட்டை விட்டு நழுவுகிறது என்று கண்டால் என்ன செய்ய வேண்டும்? முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொடுக்கிற பதில் ஒன்றுதான்: இறங்காதே, மேலே போ. கோ அரவுண்ட் என்பார்கள். எஞ்சின் வலுவைக் கூட்டுகிற த்ரொட்டிலை முழுதாகத் தள்ளு, சிறகின் பின்புறம் இறக்கிவைத்த பிளாப் என்ற தகட்டை 20 பாகைக்குக் கொண்டுவா, 55 நொட் பிடி, ஏறு, பிறகு மிச்ச பிளாப்பை மெல்ல மெல்ல எடு, வானொலியில் சொல்லு, மறுபடி சுற்றிவா. உயரமாக வந்துவிட்டால் சுற்று. வேகமாக வந்துவிட்டால் சுற்று. தொடவேண்டிய இடத்தைத் தாண்டி மிதந்துவிட்டால் சுற்று. தொட்டுத் துள்ளிவிட்டால் சுற்று. ஓடுபாதையில் நாயோ கொக்குக் கூட்டமோ நின்றால் சுற்று. மனதுக்குச் சரியில்லை, காரணம் சொல்லத் தெரியவில்லை, அப்பவும் சுற்று. ஐம்பது இருக்கை நூறு இருக்கை விமானங்களை ஓட்டுகிற அனுபவசாலிகளும் இதைத்தான் செய்கிறார்கள்.

எனக்குக் கோபம் வருவதும் இந்த இடத்தில்தான். உலகத்தில் சின்ன விமானங்கள் ஓடுபாதையைத் தாண்டி ஓடுவதும், துள்ளித் துள்ளி முன்சக்கரம் முறிவதும், பக்கவாட்டில் புல்லுக்குள் போவதும் பெரும்பாலும் எப்படி நடக்கிறது? சுற்றியிருக்க வேண்டிய இடத்தில் சுற்றாமல், எப்படியாவது இறக்கிவிடுவோம் என்று நினைத்ததால்தான். ஏன் அப்படி நினைக்கிறார்கள்? கீழே ஆட்கள் பார்க்கிறார்கள், சிரிப்பார்கள், "இவனுக்கு இறக்கத் தெரியாது" என்பார்கள் என்ற வெட்கம். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அந்த வெட்கம் எவ்வளவு பெரிசு என்று வகுப்பறையில் நிற்கிற எனக்குத் தெரியும். பிழை என்று தெரிந்தும் கையை உயர்த்தாமல் இருக்கிற பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். வகுப்பில் அதற்கு விலை ஒரு புள்ளி. ஓடுபாதையில் அப்படி இல்லை. ஊர் முழுக்க நின்று வீடியோ எடுத்து, "ரெண்டு தரம் வந்தும் இறங்கத் தெரியல்ல" என்று எழுதினால், அடுத்த முறை அந்தப் பிள்ளையின் கை த்ரொட்டிலைத் தள்ள அரைச் செக்கன் தயங்கும். அந்த அரைச் செக்கனுக்கு எழுதினவர் யாரும் பொறுப்பெடுக்கப் போவதில்லை.

மகள் திரும்பி இரத்மலானைக்குப் போனபிறகு பயிற்றுநர் கேட்ட முதல் கேள்வியை இங்கே சொல்ல வேண்டும். "எந்த உயரத்தில முடிவெடுத்தீங்க?" ஏன் இறங்கவில்லை என்று அவர் கேட்கவேயில்லை. சீக்கிரமாக முடிவெடுத்தாளா, தயங்கினாளா, அதுதான் அவருக்குத் தேவை. தொழில் தெரிந்தவர் பார்க்கிறது அதை.

அந்தப் பின்னூட்டங்களில் வந்த கதைகளுக்கும் இரண்டு வரி. எரிபொருளைத் தீர்க்கச் சுற்றுவது பெரிய ஜெட் விமானங்களின் விசயம், அவை கிளம்பும்போது இருக்கிற பாரத்தோடு உடனே இறங்கக் கூடாது. செஸ்னா 152 க்குக் கிளம்புகிற உச்சப் பாரமும் இறங்குகிற உச்சப் பாரமும் ஒன்றுதான், தீர்க்க வேண்டிய தேவையே இல்லை. தீர்ந்துபோய்விடுமோ என்று பயந்தவர்களுக்கும் சொல்கிறேன், அதில் பாவிக்கக்கூடிய பெற்றோல் சுமார் 93 லீற்றர், மணித்தியாலத்துக்கு 23 லீற்றர் அளவு போகும். இரத்மலானையிலிருந்து வந்தபிறகும் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. ஒரு சுற்றுக்கு ஐந்தாறு நிமிடம். உண்மையிலேயே ஆபத்தென்றால் விமானி வானொலியில் "மேடே" என்று மூன்று தரம் சொல்வார், உதவிக்கு வரவேண்டியவர்களுக்கு முதலில் தெரியும், தீயணைப்பு வண்டி ஓடுபாதைப் பக்கம் வந்து நிற்கும். பாலத்தில் நிற்கிறவருக்கு முதலில் தெரியவராது.

"பொம்பிளப் புள்ளைட்டக் குடுத்தா இப்பிடித்தான்" என்று எழுதியவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு நான் பதில் எழுதப் போவதில்லை. குறுக்குக் காற்றுக்கு ஆண் பெண் தெரியாது, 12 நொட் எல்லோருக்கும் 12 நொட்தான். ஆனால் அதைப் படித்துவிட்டுத் தன் மகளை "உனக்கு எதுக்கு இந்த வேலை" என்று மறிக்கப்போகிற அப்பா அம்மாக்களை நினைக்கத்தான் வயிறு எரிகிறது. என் வகுப்பில் சார்பு வேகக் கணக்கை என் மகளைவிடக் கெதியாகச் செய்கிற பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஒன்றை நான் ஒத்துக்கொள்கிறேன். எங்கள் ஊர் ஆட்கள் வானத்தைப் பார்த்துப் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. நாற்பது வயதைத் தாண்டியவர்களைக் கேளுங்கள், ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் அடுப்பில் இருந்த உலையை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடியதைச் சொல்வார்கள். படுவான்கரையில் என் பெரியம்மா இன்றைக்கும் பெரிய சத்தத்தோடு ஏதாவது மேலே போனால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுத்தான் அண்ணாந்து பார்ப்பார். 1958 இல் திறந்த எங்கள் விமான நிலையம் யுத்த காலம் முழுக்க விமானப்படையின் கையில் இருந்தது, சாதாரண ஆட்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. 2018 இல்தான் பொதுமக்கள் விமானங்களுக்காக மறுபடி திறந்தார்கள். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் விமானத்தைக் கண்டால் கையசைக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த அந்தச் சந்தோசத்தைப் பழைய பயத்தைக் கிளறிவிட்டுப் பறிக்க வேண்டாம், லைக் வாங்குவதற்காக அம்மம்மாமாரின் நெஞ்சைப் பதற வைக்க வேண்டாம்.

இரத்மலானையில் 1935 நவம்பர் 27 அன்று முதன்முதலாக வந்திறங்கிய விமானமே மெட்ராஸ் விமானக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் ஓட்டிவந்த ஒரு சின்ன புஸ் மொத் விமானம்தான். இரத்மலானை விமான நிலையத்தின் கதை தொடங்கியதே இப்படி ஒரு சின்ன விமானத்திலும் ஒரு பயிற்றுநரின் கையிலும்தான் என்பதை மாணவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வதுண்டு.

பயப்பட வேண்டிய உண்மையான விசயங்களும் உண்டு, அதைப் பற்றி யாரும் வீடியோ போடுவதில்லை. கச்சான் காலம்தான் எங்கள் பிள்ளைகள் பட்டம் விடுகிற காலமும். விடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் திமிலைதீவு, புதூர், வலையிறவுப் பக்கம் ஓடுபாதைக்கு நேராக இருக்கிற வெளிகளில் நைலோன் நூலில் உயர உயர விடக் கூடாது. அந்த நூல் விமானி கண்ணுக்குத் தெரியாது. ட்ரோனும் அப்படித்தான், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அனுமதியில்லாமல் பறக்கவிடுவது சட்டப்படி குற்றம், கலியாண வீட்டு வீடியோக்காரத் தம்பிமார் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மீன் கழிவையும் கோழிக் கழிவையும் வாவிக்கரையில் கொட்டினால் பருந்தும் காகமும் கூட்டமாக வரும், அவை பறக்கிற உயரமும் சின்ன விமானம் இறங்கிவருகிற உயரமும் ஒன்று. ஒரு பருந்து முன்கண்ணாடியில் மோதினால் என்னாகும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை. இதையெல்லாம் பிரதேச சபையும் மாநகர சபையும் கிராம சேவகர் ஊடாகச் சொல்லலாம், பாடசாலைக் காலைக்கூட்டத்தில் நாங்களும் சொல்லலாம்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. இப்படி ஒரு காணொளி உங்கள் நிருபர் கைக்கு வந்தால், போடுவதற்கு முன் விமான நிலையத்துக்கு ஒரு அழைப்பு எடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். திமிலைதீவு ஒன்றும் தூரம் இல்லை, பஸ் நிலையத்திலிருந்து ஓட்டோவில் போனாலும் கொஞ்ச நேரம்தான். அடுத்தது, விமானி ஆவதற்கு என்ன படிக்க வேண்டும், எவ்வளவு செலவாகும், கண்ணாடி போட்டவர்கள் போகலாமா, கிழக்கு மாகாணப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை ஏதும் உண்டா என்று சிவில் விமான சேவைகள் அதிகார சபையில் விசாரித்து உங்கள் மாணவர் பக்கத்தில் முழுப்பக்கமாகப் போடுங்கள். என் வகுப்பிலிருந்தே நாலைந்து பேர் இந்தக் கேள்விகளோடு வந்து நிற்கிறார்கள், அவர்களுக்குக் கொடுக்க என்னிடம் தமிழில் ஒரு துண்டுப் பிரசுரம்கூட இல்லை.

இப்படிக்கு,
உயர்தர கணித ஆசிரியை ஒருவர்,
மட்டக்களப்பு.